சொத்தை பொறுக்கும் விரல்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலக்கடலை என்றால் புரிந்துகொள்வார்கள். மல்லாட்டை என்றால்தான் உட்காரவைத்துப் பேசுவார்கள். நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த மரச்செக்குக்கு நான் போனபோது காலை ஏழு மணி. உலக்கை இன்னும் சுற்றத் தொடங்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு முறத்துடன் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவர் ஒரு பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார். தோல் சுருங்கி, முளைப்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. "கடிச்சுப் பாருங்க தம்பி. முழுங்கிடாதீங்க." கடித்தேன். நாக்கின் அடி வரைக்கும் கசந்தது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்த பிறகும் அந்தக் கசப்பு கொஞ்ச நேரம் போகவில்லை.

"கையால தோல் உடைக்கிறவங்க காய் மேல தண்ணி தெளிச்சுக்குவாங்க. விரல் நோவாது, பருப்பும் உடையாது. தெளிச்சதை அப்படியே மூட்டை கட்டிட்டா ரெண்டு நாள்ல பூத்துடும்" என்றார் அவர். நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும் என்று ஆட்டியும் காட்டினார். ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வேளாண் துறையினர் கருவி வைத்துச் சொல்வதைத்தான் அவர் காதால் அளக்கிறார்.

அந்தச் சாம்பல் பூப்பு சாதாரணமானதல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் போய் நின்றது விசாரணை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கும் அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும், நாள்பட உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் போகாது. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்து, வெளுப்பு மண்ணில் வடிக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வேலைகள் எதுவும் இல்லை. பருப்பில் இருப்பதில் ஒரு பங்கு எண்ணெய்க்கு வரும். செக்கெண்ணெயின் தூய்மைக்குக் காவல் இந்த மூன்று பெண்களின் விரல்கள்தான்.

வேறு இடங்களில் பொறுக்குபவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலியாம். நிதானமாகப் பார்த்தால் அன்றைக்குக் காசு குறையும். "இங்க நாள் கூலி. அதனால பாத்துப் பாத்துப் பொறுக்குறோம்" என்றார் இளையவர். எண்ணெயின் தரத்தைப் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பிலும் இந்தக் கூலிக் கணக்கைப் பார்த்ததில்லை.

எட்டு மணிக்குச் செக்கு ஓடியது. வாகை மர உலக்கை குழிக்குள் அரைத்துச் சுற்ற, முதலில் பருப்பு மாவாகி, பிறகு பிசினாகி, பக்கவாட்டில் எண்ணெய் கசிந்தது. விரலில் தொட்டேன், வெதுவெதுப்பு. 'கோல்டு பிரஸ்டு' என்று புட்டியில் போட்டாலும் உராய்வின் சூடு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆலையில் வாடை நீக்க ஏற்றும் 200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு ஆகிறது என்றார் செக்குக்காரர். "பருப்பு விலையை இரண்டரையால பெருக்குங்க, பிண்ணாக்கு விலையைக் கழிங்க. அதுக்கும் கீழே ஒருத்தர் செக்கெண்ணெய் விக்கிறார்னா, எப்படிங்க கட்டுப்படியாகும்?" வாங்குபவர் கையில் இருக்கும் மிக எளிய சோதனை இந்தக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றியது.

மண்டி அடங்குவதற்காக எண்ணெயை வாயகன்ற பாத்திரங்களில் வெயிலில் வைத்திருந்தார்கள். இது எனக்கு உறுத்தியது. வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆனால் இதே வெயில் எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்ஸினைச் சிதைக்கும் என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினர் 1970களிலேயே காட்டியிருக்கிறார்கள். பாட்டன் காலத்துப் பழக்கம் என்று செக்குக்காரர் செய்யும் ஒரே காரியத்தில் நன்மையும் இருக்கிறது, கெடுதலும் இருக்கிறது. எவ்வளவு நேரம் வெயில், அதன் பிறகு எவ்வளவு சீக்கிரம் மூடிய டின்னில் நிழலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

அங்கிருந்து கடைவீதிக்குப் போய் எண்ணெய் அடுக்குகளின் முன் நின்றேன். இதயப் படங்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற பச்சை எழுத்துகள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. ஒரு வகை உணவு முழுவதிலும் இயல்பாகவே இல்லாத ஒன்றைத் தன் பொருளுக்கு மட்டும் உரிய சிறப்பாகக் காட்டக்கூடாது என்பது 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி. நாம் தேடிப் படிக்க வேண்டியவை சின்ன எழுத்தில் இருக்கின்றன. கலப்பு எண்ணெய் என்றால் எது எத்தனை சதவீதம், அக்மார்க் முத்திரை உண்டா, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, விளக்குக்கு மட்டும் என்று ஓரத்தில் போட்டிருக்கிறதா. அதே ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் உரிமம் இருப்பதைத்தான் சொல்கிறது. கையிலிருக்கும் இந்தப் புட்டியைச் சோதித்தார்கள் என்று சொல்லவில்லை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஊர் இது. பார்வைக்கும் நாக்குக்கும் பிடிபடாத ஒன்று எப்படி உயிரெடுக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணெயை அதோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் 'மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்' என்று சொல்பவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்த நினைவு வருகிறது.

மறுநாள் சேலத்தில், ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் நல்லெண்ணெய்ச் சோதனையைச் செய்து காட்டினார். குழாயில் 5 மில்லி எண்ணெய், அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சில சொட்டு ஃபர்ஃபுரால். இரண்டு நிமிடம் குலுக்கி நிறுத்தினார். அடியில் தங்கிய அமிலம் செம்பருத்தி நிறத்துக்கு மாறியது. நல்லெண்ணெயைச் சீக்கிரம் கெடாமல் காக்கும் செசமால் என்ற பொருள்தான் இந்த நிறத்துக்கும் காரணம். நான் மகிழ்ந்துபோய், "சுத்தமான எண்ணெய்தான் இல்லையா?" என்றேன். "இல்லை. இதில் எள்ளெண்ணெய் இருக்கிறது, அவ்வளவுதான். கூட வேறு எண்ணெய் கலந்திருந்தாலும் சிவக்கும்" என்றார். கலப்பு உண்டா என்று தெரிய அயோடின் மதிப்பு, 40 டிகிரியில் ஒளிவிலகல் அளவு என்று அடுத்தடுத்துப் போக வேண்டும். கடலை எண்ணெயின் அயோடின் மதிப்பு 85 முதல் 99 வரை இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது. கட்டணம் கட்டினால் வாங்கியவரே தன் எண்ணெயைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அரசின் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று சேலத்திலேயே உண்டு.

திரும்பும் வழியில் கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் வீடு. அடுப்பில் சாமைச் சோறு. ஆணியில் தொங்கியது ரேஷன் பாமாயில் பாக்கெட், லிட்டர் 25 ரூபாய். மேலே ஏ, டி வைட்டமின்கள் சேர்த்ததற்கான '+எஃப்' முத்திரை. "பாமாயில் நெஞ்சுவலி கொண்டாருமாமே, டவுன்ல சொல்றாங்க. நெசமாங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

வேறு எண்ணெய் வாங்குவதில்லை என்றார். வீட்டில் நான்கு பேர், மாதம் ஒரு லிட்டர். அங்கேயே கணக்குப் போட்டோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்கூட வரவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உணவுக்குச் சொல்லும் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்பது உண்மை. தினமும் வடை பஜ்ஜி பொரிக்கும் வீட்டுக்கு அது கவலைதான். உங்கள் வீட்டு அளவுக்குப் பயம் வேண்டாம், பொரித்து மிஞ்சியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச மட்டும் வேண்டாம் என்றேன். "மிஞ்சினாத்தானேங்க" என்றார்.

மாலையில் செக்குக்குத் திரும்பினேன். பெண்கள் முறத்தைத் தட்டி எழுந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சாக்கு, பாதிக்கு மேல் சொத்தை, சாவி, பூத்த பருப்பு. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இங்கே குழி தோண்டிப் புதைத்துவிடுவதாகச் செக்குக்காரர் சொன்னார். மூத்தவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"முன்ன நான் பொறுக்குன எடத்துல இதுக்குன்னே ஒரு வண்டி வரும் தம்பி. வெல கம்மிதான். ஆனா ஒரு மூட்டைகூட மிஞ்சாது."

"எதற்கு வாங்குகிறார்கள்?"

"எண்ணெய்க்குத்தான்."