வராத விருந்தாளி

பந்தி விரித்தாயிற்று, ஆனால் ஒருவர் வந்து சேரவில்லை. அவர் வந்தாலன்றி இலை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் பிடிவாதமாய் நின்றால் அந்த விருந்தின் கதி என்ன? இயந்திரங்களிடத்தும் இத்தகைய பிடிவாதம் உண்டு என்பதைச் சென்ற ஆண்டு மாரிக்காலத்திலேதான் நாம் கண்டறிந்தோம்.

கல்கிசையில், கரையோரப் புகையிரதப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது எமது இல்லம். படிக்கும் அறையின் மூலையில் ஒரு பழைய கணினி ஐந்தாண்டுகளாக அல்லும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. பிற கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதே அதன் தொழில். ஆங்கிலத்தில் சேர்வர் என்பர். தமிழில் வழங்கி என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்!

அது வழங்கியது யாது? எம்மிடம் தமிழ் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் தத்தம் வீட்டு முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து கொணர்வார்கள். வெள்ளவத்தை மாடிவீடொன்றில் வாழும் யாழ்ப்பாணத்து அப்பாச்சி, கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த தாத்தா, அட்டனிலிருந்து பேரனைக் காண வந்த மலையகத்துப் பாட்டி என இருநூறுக்கு மேற்பட்ட குரல்கள் அதில் இருந்தன. வட்டார வழக்கை ஆராயவென்று தொடங்கிய முயற்சி அது. ஆனால் முதியோர் சொல்லின் இலக்கணத்தோடு நின்றார்களா? 1983ஆம் ஆண்டின் ஆடி மாதத்தையும், அகதிகளாய்க் கப்பலேறியதையும், இழந்த வீட்டின் மாமரத்தையும் பற்றியன்றோ பேசினார்கள்!

ஒரு ஞாயிறு காலை அப்பெட்டியினுள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று பல்லி சொல்வது போன்ற ஒலி எழுந்தது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினோம். திரையில் எழுத்துக்கள் விரைந்தோடின, பின் நின்றன. ஒன்றரை நிமிட மௌனத்தின் பின், அவசர நிலை என்று அறிவித்துக் கடவுச்சொல் கேட்டுக் கருந்திரை நின்றது. நான்கு முறை அணைத்து இயக்கினோம். நான்கு முறையும் அதே கதை. முழுவதையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவிவிடலாமா என்றுகூட எண்ணினோம்.

நல்ல வேளையாக, முன்னாள் மாணவர் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து வந்து சேர்ந்தார்.

“சேர், இனி ஒரு தரமும் இதைப் போடாதேங்கோ. தட்டிலே ஊசி உரசுது. போடப் போட உள்ளுக்குள்ளது அழிஞ்சு போகும்,” என்றார்.

எமக்குத் திக்கென்றது. கெட்டவன் சாவதற்கு நாமே நான்கு முறை உதவியிருந்தோம்!

அவர் விளக்கியது இது. பெட்டியில் வன்தட்டுகள் இரண்டு. ஒன்றில் இயங்குதளம்; மற்றொன்றில் ஒலிப்பதிவுகள். இறந்தது இரண்டாவது மாத்திரமே. அப்படியாயின் கணினி ஏன் எழவில்லை? லினக்ஸ் இயங்குதளத்தில், இயங்கத் தொடங்கும்போது எந்தெந்தத் தட்டுகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் ஒரு சிறு கோப்பில் உண்டு; எஃப்எஸ்டாப் என்பது அதன் பெயர். இறந்த தட்டின் பெயர் அதில் கட்டாயமானதாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே கணினி 90 வினாடி காத்திருந்து, விருந்தாளி வாராமையால் விருந்தையே நிறுத்திவிட்டது.

பழுதான தட்டைக் கழற்றி வைத்து, கடவுச்சொல்லை இட்டு, அந்த ஒரு வரியின் முன்னே ஒரு குறியைப் போட்டு அதனைச் செயலற்றதாக்கினார் அவர். கணினி நொடியில் எழுந்தது. புதிய தட்டை வாங்கிப் பூட்டியபின், அதன் வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்தார். விருந்தாளி வராவிடினும் விருந்து நடக்கட்டும் என்பது அதன் பொருள்.

கணினி எழுந்தது, குரல்கள் எழவில்லை. தட்டின் மேற்பரப்பு கீறுண்டு போயிற்று என்று மீட்பாளர் கைவிரித்தார். வெளித்தட்டொன்றில் பிரதி இருந்தது. ஆயினும் அது நான்கு மாதத்துக்கு முந்தியது. பரீட்சைத் தாள்கள் திருத்தி முடியட்டும் என்று நாம் தள்ளிப்போட்ட நான்கு மாதம்! இரட்டைத் தட்டு பூட்டியிருந்தால் ஒன்று சாக மற்றொன்று ஓடியிருக்கும். ஆனால் தவறுதலாய் அழித்தால் இரண்டிலும் அழியும். ஆதலால் அதுவும் தனிப் பிரதிக்கு ஈடாகாது.

இப்பிழை எம்மோடு நிற்பதன்று. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதி பணம் பறிக்கும் தீநிரலுக்கு இரையானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு நிலையத்தில் தீப்பிடித்து, அரச ஊழியரின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அளவு பெரிதாகையால் பிரதி எடுக்கவில்லையாம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்த நமக்கு ஒற்றைப் பிரதியின் துயரைப் பிறர் சொல்லித் தரவேண்டுவதில்லை. 2005 முதல் நூலகம் திட்டத்தார் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்து வருவதும் அத்துயரை அறிந்தே போலும்.

பிரதியில்லாத பதிவுகள் ஒன்பது. ஆறு, மாணவர்களின் கைப்பேசிகளில் கிடைத்தன. இரு முதியோர் முகங்கோணாமல் மீண்டும் பேசினார்கள். எஞ்சியது கொட்டாஞ்சேனைத் தாத்தாவினுடையது. அவர் முந்திய மாதம் காலமாகியிருந்தார்.

பேர்த்தியை அழைத்துச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “போன் நிரம்பிப்போச்சு சேர். உங்களிட்ட இருக்குத்தானே எண்டு நான் அழிச்சிட்டன்,” என்றார்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அதனால் ஆவதொன்றில்லை என்பது இருவருக்கும் தெரியும். தாத்தாவின் பேச்சைக் கேட்டு அவர் எழுதிய இரண்டு பக்கம் பயிற்சிக் கொப்பியில் இருந்தது. அதனை அவரே வாசிக்க ஒலிப்பதிவு செய்தோம். தாத்தா நிறுத்திய இடங்களில் தாமும் நிறுத்தி வாசித்தார்.

இப்பொழுது ஒவ்வொரு ஞாயிறும் காலைத் தேநீருக்கு முன் பிரதி எடுக்கிறோம். ஒன்று வழங்கியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறு ஊரில். மாணவரிடம் பதிவைப் பெறும்போது ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறோம்: “எம்மை நம்பி அழித்துவிடாதீர்கள்.”