ஓதுதலும் ஒழுகுதலும்

வணிக நிர்வாகவியல் பயிலும் மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு நமக்குப் பல்லாண்டுகளாகக் கிடைத்து வருகிறது. அவ்வகுப்பிற்குள் நுழையும்போது நம் கையில் திருக்குறள் இருக்கும். மாணவர் மேசையில் மேலாண்மைக் கோட்பாடுகள் பற்றிய தடித்த நூல் இருக்கும். இரண்டும் ஒன்றையே கூறுகின்றன என்று காட்டிவிட்டால் நம் கடமை முடிந்தது என எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் ஒரு மாணவர்.

அன்று நாம் பொருட்பாலின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை தொடங்கி, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் எனத் தொடர்ந்து, 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடல் வரை விளக்கினோம். பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட நூலில் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என ஐந்து பணிகளை வகுத்தார். அவற்றை இவ்வதிகாரங்களோடு பொருத்திக் காட்டி, "வள்ளுவர் சொல்லாதது எது?" என்று பெருமிதத்தோடு முடித்தோம்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த உழவர் வீட்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, காலமறிதல் நம்மிடமே இருக்கும்போது, எங்கள் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஏன் நனைந்து முளைத்தது?" என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் தெரியவில்லை.

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு அவ்வினாவின் வலி புரியும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. அந்நீரை நம்பிய குறுவை, புரட்டாசி ஐப்பசியில் அறுவடைக்கு வருகிறது. அதே ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது கொள்முதல் விதி. சில ஆண்டுகளில் அது தளர்த்தப்படுவதுண்டு. ஆயினும் ஒரே இரவின் மழை, ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பை அழிக்க வல்லது.

மறுவாரம் அம்மாணவரையும் அவர்தம் நண்பர் மூவரையும் அழைத்து, "எவரையும் குறைகூறாமல் ஒரு நாள் முழுதும் நிலையத்தில் நின்று, கண்டதை மட்டும் தமிழில் எழுதி வாருங்கள்" என்றோம். அவர்கள் எழுதி வந்தது நம் விரிவுரையினும் மேலானதாக இருந்தது. லாரிகள் வந்து எடுத்துச் செல்லாமையால், வாங்கிய மூட்டைகளே தளத்தை அடைத்துக்கொண்டிருந்தன. இடமின்மையால் எடை போடுவது நின்றது. எடை நின்றதால் சுமைதூக்கும் தொழிலாளரும் கூலியின்றிக் காத்திருந்தனர். மாணவர் யாரைக் கடிந்துகொள்ள எண்ணிச் சென்றாரோ, அந்தப் பட்டியல் எழுத்தரே இரவு முழுதும் விழித்திருந்து தார்ப்பாய் போர்த்தியதாகச் சொன்னாராம். ஊருக்கு அறுவடை இயந்திரம் வந்த இரண்டே நாளில் எல்லாரும் அறுத்துவிட்டதால், நெல் முழுவதும் ஒன்றாக வந்து குவிந்ததையும் அம்மாணவர் மறைக்காமல் எழுதியிருந்தார். தம் தந்தையாரும் அவர்களுள் ஒருவர் என்று கடைசி வரியில் குறித்திருந்தார்.

அவ்வரியைப் படித்தபோது நம் அத்தாவின் நினைவு வந்தது. அவர் சிற்றூரில் அரிசிக் கடை வைத்திருந்தார். அளவில் ஒரு பிடி குறைய விடமாட்டார். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயத்தை எங்களுக்கு ஓதக் கற்பித்தவரும் அவரே. ஆனால் கடன் கொடுத்தால் எழுதமாட்டார். "எழுதினால் வாங்குபவர் மனம் நோகும்" என்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை நிறுத்துமாறும் பணிக்கிறது. அதனைப் பிழையின்றி ஓதியவர், கணக்கேடு ஒன்றை வாங்கவில்லை. நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும்போது கடை மூடப்பட்டது. கொடுக்க வேண்டியவர்கள் கெட்டவர்களல்லர். எவ்வளவு என்பதே பலருக்கு நினைவில்லை. அத்தா இறுதிவரை எவரையும் பழித்ததில்லை. அவர் வசனத்தை ஓதியதுபோலவே நாம் குறளை ஓதிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கியது.

ஃபயோலும் வகுப்பறையில் அமர்ந்து கோட்பாடு வகுத்தவர் அல்லர். நலிந்து கிடந்த சுரங்க நிறுவனத்தின் பொறுப்பை 1888இல் ஏற்று, அதனை நிமிரச் செய்து, பல்லாண்டு நடத்திய பின்னரே நூல் எழுதினார். அனுபவம் முன்னும் கோட்பாடு பின்னுமாக அவருக்கு வாய்த்தன. மாணவர்க்கோ கோட்பாடு முன்னே வருகிறது. ஆகவே அனுபவத்தை அவர்கள் தேடிச் செல்ல வேண்டும். தேடிச் செல்ல நாம் விட வேண்டும்.

அடுத்த சம்பாவில் அம்மாணவர் தம் தெருவில் ஏழு குடும்பத்தாரை அமர்த்திப் பேசினார். யார் முதலில் அறுப்பது, யார் களத்தில் யார் நெல் காய்வது, தார்ப்பாய் எவ்வாறு பகிர்வது என முறை வகுத்து ஒரு குயர் நோட்டில் எழுதினார். மூத்தவர் இருவர் முதலில் இணங்கவில்லை. அவர் தந்தையார் கடைசி முறையைத் தாமே ஏற்றுக்கொண்ட பின்னர் இணங்கினர். அவ்வாண்டு அவர்கள் நெல் நனையவில்லை. பாராட்டியபோது, "மழையும் பெய்யவில்லை, ஐயா" என்றார். வெற்றியை மிகைப்படுத்தாத அந்த நேர்மையும் மேலாண்மைக் கல்வியின் பயனே என்று மகிழ்ந்தோம்.

மாணவச் செல்வங்களே! தேர்வுக்காகக் கோட்பாடுகளை மனனம் செய்யுங்கள், தவறில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஓர் அரிசி ஆலையையோ கடையையோ களத்தையோ ஒரு நாள் முழுதும் நின்று பாருங்கள். கண்டதை எழுதுங்கள். சமுதாயப் பெரியோர்களே! தங்கள் கடைகளின் கணக்கேடுகளை இப்பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். இலாபக் கணக்கை மட்டுமன்று, நட்டக் கணக்கையும் காட்டுங்கள். எங்கள் அத்தாவிடம் காட்டுவதற்கு ஏடு இருந்திருக்குமானால் நாமும் முன்னரே கற்றிருப்போம்.

இப்போது அவ்வதிகாரங்களை நடத்தும்போது, "வள்ளுவர் சொல்லாதது எது?" என்று நாம் முடிப்பதில்லை. "இதில் நாம் செய்யாதது எது?" என்று கேட்கிறோம். ஓதியதை ஒழுகும் ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!