மன்னித்த பின்னும் நிற்கும் கடன்

தியானப் பகுதி: லேவியராகமம் 6:1–7, லூக்கா 18:1–8



திருக்கடையூரில் வாழும் நமக்கு அறுபதாம் கலியாணம் அன்றாடக் காட்சி. மாலையும் கழுத்துமாகக் கோயில் வீதியில் நடந்துவரும் மூத்த தம்பதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அறுபது என்பது பணி ஓய்வின் வயது. வாழ்நாள் உழைப்பின் பலன் ஒரே தொகையாகக் கைக்கு வரும் வயது. வாடகை வீட்டில் இருந்தவர்கள் அந்தத் தொகையைக் கொண்டு அஸ்திவாரம் போடும் வயதும் அதுவே. அந்தப் பணம் வஞ்சகமான கைக்குப் போய்விட்டால், மறுபடியும் சம்பாதிக்க வயது மீதியில்லை.

இவ்வாரம் நான் எழுதுவது போதனை என்பதைவிடப் பாவ அறிக்கை என்பதே பொருந்தும். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடே எழுதுகிறேன். அவர்களுடைய பெயரையோ, எதிர்த்தரப்பாரின் பெயரையோ எழுதவில்லை.

அந்தச் சகோதரி கணவரை இழந்தவர். தம் ஓய்வுத்தொகையோடு நகைக்கடனும் சேர்த்து, 650 சதுர அடியில் ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினார். நம்பகமான ஒப்பந்ததாரர் யாரேனும் உண்டா என்று என்னிடம் கேட்டார். வேறொரு சபையைச் சேர்ந்த, ஜெபக்கூட்டங்களில் எனக்கு அறிமுகமான ஒருவரை நான் காட்டினேன். அஸ்திவார ஜெபத்தையும் நானே செய்தேன். என் வார்த்தையை நம்பிய சகோதரி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கேட்கவில்லை. சிறிது சிறிதாகப் பத்து இலட்சம் ரூபாய் கைமாறியது. தளம் போட்டபின் வேலை நின்றது. ஐப்பசி மழையில் தளம் ஒழுகியது. பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அவருடைய தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

சகோதரி என்னிடம் வந்து அழுதார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார். மன்னித்துவிடுங்கள். விசுவாசிகள் வழக்குக்குப் போவது சாட்சிக்கு அழகல்ல" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். பதினெட்டு மாதங்கள் கழித்து, ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "ஐயா, மன்னித்துவிட்டேன். ஆனால் தளம் ஒழுகுவது நிற்கவில்லை."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். ஒருவன் சுவரை எழுப்ப, மற்றவர்கள் அதன்மேல் சாரமற்ற சாந்தைப் பூசுவதாகவும், பெருமழையில் அது இடிந்து விழுவதாகவும் தீர்க்கதரிசி உரைக்கிறார். அந்தக் கண்டனம் கொத்தனார்களுக்கு உரைக்கப்பட்டதன்று. சமாதானமில்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளுக்கே உரைக்கப்பட்டது. சாந்து பூசியவன் நான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிரியமானவர்களே, மன்னிப்பு வேறு. ஈடு செய்தல் வேறு. அயலானை வஞ்சித்தவன் முதலையும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனிடத்தில் திருப்பிக் கொடுத்து, அதன்பின் பலியைக் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியராகமம். சகேயு மன்னிப்பைப் பெற்ற நாளிலேயே நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த எழுந்து நின்றான். நியாயாதிபதியின் வாசலை ஓயாமல் தட்டிய விதவையை ஆண்டவர் கண்டிக்கவில்லை. ஜெபத்திற்கே அவளை மாதிரியாக வைத்தார். பவுலும் இராயனுக்கு மேல்முறையீடு செய்தவர்தான். கொரிந்தியருக்கு அவர் எழுதிய ஆறாம் அதிகாரத்தை நான் பாதியே வாசித்திருந்தேன். சகோதரருக்குள் நியாயம் தீர்க்கத்தக்க விவேகி உங்களில் ஒருவனும் இல்லையா என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. அநியாயம் செய்கிறவர்களுக்கான கண்டனமும் அங்கேயே இருக்கிறது. இரு தரப்பாரையும் அழைத்து உட்கார வைக்கவேண்டிய நான், பாதிக்கப்பட்டவரை மட்டும் மௌனமாக்கினேன்.

நீதிமன்ற ஊழியத்திலிருந்து ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, வேலை நின்று எத்தனை மாதமாயிற்று?" என்பது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யவேண்டும். தாமதத்திற்குத் தகுந்த காரணம் காட்டலாம். ஆனால் அதை ஏற்பது ஆணையத்தின் விருப்பம். என் ஆலோசனை சகோதரியின் காலத்தில் பதினெட்டு மாதங்களைத் தின்றிருந்தது. மீதி ஆறே மாதங்கள்.

உங்களில் யாரேனும் இதே நிலையில் இருக்கக்கூடும் என்பதால், நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலாவது, பழுதைச் சரிசெய்வதற்கு முன்பே அதைப் பதிவு செய்யுங்கள். தேதியோடு புகைப்படங்கள் எடுங்கள். பணம் கொடுத்ததற்கான வங்கிக் கணக்கு விவரம், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள் யாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தப் பத்திரம் இல்லையென்று சோர்ந்துபோகவேண்டாம், இவையும் சான்றுகளே. தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரிடம், பழுது என்ன, அதைச் சீர்செய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சகோதரியின் வீட்டைப் பார்த்த பொறியாளர், உப்பு நீரில் கலந்த கான்கிரீட்டே கம்பி துருப்பிடிக்கக் காரணம் என்றார். கடலோர ஊர்களில் வாழும் நாம் இதைக் கவனிக்கவேண்டும். பின்பு, கேட்பது இன்னதென்று தெளிவாக எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள்.

இரண்டாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்த்துச் சொன்னது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாம் கொடுத்த தொகை 50 இலட்சம் வரையானால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 5 இலட்சம் வரை கட்டணம் கிடையாது. பத்து இலட்சம் கொடுத்திருந்த நம் சகோதரி செலுத்தியது 200 ரூபாய். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடவும் உரிமையுண்டு. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் ஒன்று: நம் மேற்பார்வையில் தினக்கூலிக்கு வேலை செய்த கொத்தனார்மேல் இவ்வழி பொதுவாகச் செல்லாது, மொத்தமாகப் பொறுப்பேற்ற ஒப்பந்ததாரருக்கே இது பொருந்தும்.

மூன்றாவது, சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பைப் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆகையால் நன்றாக யோசித்தே கையெழுத்திடுங்கள்.

"ரெரா" எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற, பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் வீடு வாங்கியவர்களுக்கு அது பெரிய அரண். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தோன்றும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் தம் செலவிலேயே சரிசெய்யவேண்டும். சொந்த மனையில் தனி வீடு கட்டுகிறவர்களுக்கு அது உதவாது. காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்டக்கூடுமானால் மோசடிப் புகார் நிற்கும். வேலை சரியில்லை என்பது மட்டும் போதாது.

சகோதரியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். புகாரோடு ஆணையத்திற்கு முதல் நாள் நானும் உடன் சென்றேன். இரண்டாம் அமர்வில் ஒப்பந்ததாரர் வந்தார்; என்னைக் கண்டதும் தலை குனிந்தார். நானும் தலை குனிந்தேன். தளத்தைச் சீர்செய்யப் பொறியாளர் கணக்கிட்ட தொகை 4,20,000 ரூபாய். சமரசத்தில் அவர் ஒப்புக்கொண்டது 3,60,000, ஆறு தவணைகளில். இதுவரை நான்கு வந்திருக்கின்றன. இழந்தது முழுவதும் வரவில்லை. வட்டியும், விழித்திருந்த இரவுகளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆயினும் இவ்வருட மழைக்கு முன்னே தளம் சீராகிவிட்டது. மூன்றாம் தவணையைக் கொண்டுவந்த அன்று சகோதரி அவருக்குக் காப்பி கொடுத்தாராம். மன்னிப்பு அன்றுதான் இருவருக்கும் உண்மையாயிற்று என்று நான் நினைக்கிறேன்.

இனி வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எரேமியா தன் உறவினனிடம் நிலம் வாங்கியபோது, சொந்தம்தானே என்று விட்டுவிடவில்லை. பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னான். தீர்க்கதரிசிக்கே பத்திரம் தேவைப்பட்டது என்றால் நமக்கு? சிமெண்ட், கம்பி, மணல், தண்ணீர் இன்னதென்று எழுதுங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். போதகர் காட்டிய ஆள் என்பது உத்தரவாதமன்று.

கட்டுகிற சகோதரர்களே, நம்மிலிருந்து சில மைல் தூரத்தில் தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் உப்புக்காற்றில் நிற்கிறது. உங்கள் கைவேலையும் உங்களுக்குப் பின் சாட்சி சொல்லும். வீட்டுக்காரர்களே, நேர்மையாய் வேலை செய்தவனின் கூலியை இழுத்தடிப்பதும் இதே பாவம்தான். அநீதியினால் வீட்டைக் கட்டுகிறவனுக்கு எரேமியா உரைத்த ஐயோ நமக்கும் உரியது.

இப்படிப்பட்ட பாரத்தோடு உங்களில் யாரேனும் மௌனமாய் இருந்தால், இந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் என்னிடம் வாருங்கள். இம்முறை ஜெபித்து அனுப்பிவிடமாட்டேன், தேதியையும் கேட்பேன்.

ஜெபம்: நீதியுள்ள தேவனே, சமாதானமில்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்ன என் நாவை மன்னியும். ஒழுகும் வீடுகளில் விழித்திருக்கிறவர்களுக்கு நியாயம் செய்யும். வஞ்சித்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் மனதையும், வஞ்சிக்கப்பட்டவர்களுக்குக் கசப்பில்லாத தைரியத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.