அப்பத்தாவின் கோழி வைத்தியம்

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அப்பத்தாதான் டாக்டர். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்க அவளுக்குத் துணிச்சல் கிடையாது. கோழி திரும்பி வந்து கேள்வி கேட்காது என்பதால் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாளோ என்னவோ!

அம்மை கண்டால், வேப்பிலை, துளசி, மஞ்சள், பூண்டு நாலையும் அம்மியில் விழுதாக அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்துக் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் தடவுவாள். மூன்று வாரத்தில் பொருக்கு உதிரும். ஊரே அவள் கைராசியைப் புகழும். தோலோடு நிற்கிற கோழியம்மை பெரும்பாலும் அந்தக் கெடுவில் தானாகவே இறங்கிவிடும் என்ற சங்கதி எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. புண்ணில் சீழ் பிடிக்காமல் மஞ்சள் காத்திருக்கலாம். அந்த மட்டில் அவளுக்கு மார்க் கொடுத்தே ஆகவேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் அப்படிப்பட்ட சாது அல்ல. குமாவோன் மலையில் ராணிகேத் என்று அழகான ஊர் ஒன்று இருக்கிறது. 1920-களின் பிற்பகுதியில் அங்கே இந்நோயைக் கண்டறிந்ததால், பாவம், ஊர்ப் பெயரையே நோய்க்குச் சூட்டிவிட்டார்கள். 1926-ல் அது தலைகாட்டிய இங்கிலாந்தில், நியூகாசில் நகரம் அந்தப் பழியைச் சுமக்கிறது.

நான் எட்டாவது படித்த வருஷம், ஒரு கோடையில், பெட்டைக் கோழியொன்று இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நின்றது. மாலைக்குள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அப்பத்தா குனிந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. இரவு என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குச் சந்தை. நல்லா இருக்கறதுல மூணைக் கொண்டுபோய் வித்துட்டு வா. உன் பரீட்சைப் பணத்துக்கு ஆகும்" என்றாள்.

சந்தையில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். கோழிகளின் இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள், அலகைப் பிரித்துப் பார்த்தாள்.

"நோவு ஒண்ணும் இல்லையே, தம்பி?"

"இல்லக்கா."

மூன்றையும் வாங்கிக்கொண்டாள். நோய் உள்ளே புகுந்து ஐந்தாறு நாள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. அப்போது எனக்கு அது தெரியாது. ஆனால் அவற்றை எதற்காக விற்கிறோம் என்பது நன்றாகத் தெரியும்.

நான் திரும்பியபோது அப்பத்தா அரைத்துக்கொண்டிருந்தாள். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு. நான் அலகைப் பிரித்துப் பிடிக்க, அவள் உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளுவாள். மூன்று இரவுகள் சரியான தூக்கமில்லை. பதினொன்றில் ஒன்பது செத்தன. ஒன்று கழுத்து முறுக்கிக்கொண்டு, தானியத்துக்குப் பக்கத்து மண்ணைக் கொத்திக்கொண்டு கிடந்தது. மிச்சம் ஒன்று நன்றாகவே இருந்தது. மருந்துக்குச் சாட்சியாக அதை வெகு காலம் வைத்திருந்தாள்.

இப்போது என் மனைவி பத்துக் கோழி வளர்க்கிறாள். ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணில் தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. ஐஸ் உருகுமுன் மருந்தை வீடு சேர்ப்பது என் உத்தியோகம். நோய் வந்தபின் இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. முன்னால் போட்டுவைத்தால்தான் உண்டு. இருந்தும் அவள் மாதம் ஒருமுறை கீழாநெல்லி அரைக்காமல் விடுவதில்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே ஏறக்குறைய இதே சரக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று வாதம் செய்கிறாள். அரைக்கட்டும், ஊசியை மறக்காதவரை எனக்கு ஆட்சேபமில்லை.

கீழாநெல்லி வாசனை வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தைதான் ஞாபகம் வருகிறது. அவள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை கோழிகள் இருந்தன என்று நான் கேட்கவில்லை.