ஈர மணல்

பழைய படகு வாங்கியிருக்கிறீர்களா? இருக்காது. பழைய ஸ்கூட்டர் வாங்கியிருப்பீர்கள், பழைய ஃபிரிட்ஜ் வாங்கியிருப்பீர்கள், ரொம்பத் துணிச்சல்காரர் என்றால் பழைய கார். நான் ஒருமுறை சீட் கவர் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பழைய காரை வாங்கிவிட்டு, இரண்டு வருஷம் மெக்கானிக் வீட்டு மளிகைச் செலவைப் பார்த்துக்கொண்டவன். அப்பேர்ப்பட்ட என்னைப் போய், ''ஒரு படகு பாக்கணும், கூட வாங்க சார்'' என்று கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா. அவருடைய மகன் பதினாறு வயதில் அடுத்தவர் படகில் ஏற ஆரம்பித்தவன். ஒன்பது வருஷமாக ஆள் பங்குதான். இது உங்களுக்குக் கொஞ்சம் விளங்க வேண்டும். கடலுக்குப் போய் வந்தால், மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிடுவார்கள். மிச்சத்தில் படகுக்கும் என்ஜினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. அதற்கப்புறம்தான் உடம்பால் உழைத்த ஆட்களுக்கு. படகு தூங்காது, ஜுரம் வராது, ஆனால் அதற்குப் பங்கு உண்டு. ''ஒன்பது வருஷத்துல அந்தப் படகுப் பங்கு மட்டும் எனக்கு வந்திருந்தா இந்நேரம் நாலு படகு நிக்கும்ணே'' என்பான். கணக்கு சரிதானா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. அவன் சொன்ன தோரணை சரியாக இருந்தது.

இது 2023 மார்ச். ஏன் மாதத்தைச் சொல்கிறேன் என்றால், விஷயமே அதில்தான் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விடுகிற விடுமுறை. அந்த இரண்டு மாதம் சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரத்தில் பிடிப்பதற்குத்தான் மார்க்கெட்டில் கிராக்கி. ஏப்ரல் 14-க்குள் கையில் ஒரு படகு இருந்தால், அம்மாவின் நகையைப் பாதியாவது மீட்டுவிடலாம் என்பது பையனின் திட்டம்.

கையிருப்பு 1,30,000 ரூபாய். நகை அடகு வைத்தது 60,000. சீட்டு எடுத்தது 30,000. மீதி 40,000 என்னுடையது. வட்டி வேண்டாம், முடிந்தபோது கொடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னை அழைத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. ''பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். நீங்கதான் படிச்சுச் சொல்லணும்'' என்றார் அந்த அம்மா. படகைப் படிக்க இன்னொருவர் வந்தார். அம்மாவின் அண்ணன், பையனுக்குத் தாய்மாமன். எழுபதைத் தொட்ட பெரியவர். பாதி வாழ்க்கையைக் கட்டுமரத்தில் கழித்தவர்.

கட்டுமரத்தைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இங்கிலீஷ்காரன் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டு போனானே, அதே கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டுவிடுவார்களாம். ''அதுல ஓட்டையே விழாது சார். ஏன் சொல்லுங்க? கட்டுனதே சந்து சந்தாத்தானே கட்டுனோம்!'' என்று சிரித்தார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான் எல்லாம் மாறிப்போனது. சுனாமி நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து இறங்கின. பெரியவர் கடைசி வரை கட்டுமரத்திலேயே போனவர்.

ஈ.சி.ஆர். சாலையில் மரக்காணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம். காலை ஏழு மணி. முதல் படகு மணலில் நின்றது. அடடா, என்ன படகு! கருநீலத்தில் புதுப் பெயின்ட், மஞ்சளில் ஒரு பட்டை, அணியத்தில் இரண்டு கண் வரைந்து, பக்கவாட்டில் வேளாங்கண்ணி மாதா. சுமார் முப்பதடி நீளம். நம்பர் பளிச்சென்று எழுதியிருந்தது. விலை 1,45,000 என்று ஆரம்பித்து, பையன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பத்தே நிமிஷத்தில் 1,30,000-க்கு வந்துவிட்டார் படகுக்காரர். எங்களிடம் இருந்த அதே தொகை! கடவுளே பார்த்து விலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. ''முடிச்சுடலாமே'' என்று பையன் காதில் நான்தான் சொன்னேன். அவனுக்கும் கண் கலங்கின மாதிரி ஒரு பளபளப்பு.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். படகின் உடம்பெல்லாம் அதை வைத்துத் தட்டிக்கொண்டே போனார். நம் வீட்டுப் பெண்கள் மண்பானை வாங்கும்போது தட்டுவார்களே, அப்படி. ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாயையும் பிசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. அடுக்குகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் தட்டும்போது 'டங்' என்று கெட்டியான சத்தம் வரும். உள்ளே எங்காவது விட்டுப்போயிருந்தால் 'தொப்' என்று விழும். 'டங், டங், டங்' என்று வந்துகொண்டே இருந்தது. அமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் 'தொப்'. பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே நடந்தார். நான் இரண்டுதானே என்று நினைத்தேன்.

அப்புறம் என்ஜினிடம் போனார். இந்தப் படகுகளில் என்ஜின் பின்பக்கம் ஒரு முளையில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு போய், அதன் நுனியில் விசிறி. லொம்பார்டினி என்ற இத்தாலிப் பெயர் பெரியவர் வாயில் 'லம்பாடி' ஆகியிருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

''காலைல கடலுக்குப் போய் வந்துச்சா?''

''இல்லீங்க பெரியவரே, பத்து நாளா கரையிலதான் நிக்குது. தண்ணியே தொடலை.''

''சூடா இருக்குதே.''

படகுக்காரர் சிரித்து மழுப்பினார். ''நீங்க வர்றீங்கன்னு ஒரு வாட்டி ஓட்டிப் பாத்தோம்.''

இதில் என்ன தப்பு என்று நான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. ஆறிக் கிடக்கிற டீசல் என்ஜின்தான் உண்மை பேசும். சூடேற்றி வைத்துவிட்டால் நோயாளி என்ஜின்கூட ஒரு இழுப்பில் கிளம்பிவிடும். ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவனைச் சில சமயம் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி.

கடைசியாகப் பெரியவர் மணலில் மண்டியிட்டார். ஏராவுக்குக் கீழே குனிந்து, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார். பையனைக் கூப்பிட்டார். நானும் குனிந்தேன். அமரத்துக்கு நேர் கீழே, கையகலத்துக்கு மணல் ஈரமாக இருந்தது. சுற்றிலும் காய்ந்த வெள்ளை மணல். மழை பெய்து மாதக்கணக்காகிறது. கடல் அலை அவ்வளவு தூரம் வராது. பெரியவர் படகின் அடியில் விரலை வைத்துத் தடவி, ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்தார்.

''உப்பு'' என்றார்.

இந்தப் படகுகளில் தளத்துக்கு அடியில் மூடிய அறைகள் இருக்கும். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும் என்று உள்ளே தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று போதும், கடல் தண்ணீர் உள்ளே போய்ச் சேரும். போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. பத்து நாளாகக் கரையில் நிற்கிற படகு இன்னும் சொட்டுகிறது என்றால், வயிற்றுக்குள் எத்தனை குடம் இருக்கிறதோ! அந்தச் சுமையை இழுக்க ஒவ்வொரு நாளும் கூடுதல் டீசல். அதைவிட, ஒருநாள் கவிழ்ந்தால் ஆள் பிடித்துக்கொண்டு மிதப்பதற்கென்று வைத்த இடம் அது.

படகுக்காரர், ''தொளை போட்டு வடிய வுட்டு அடைச்சுக்கலாம், எல்லாரும் பண்றதுதான்'' என்றார். பையன் மாமனைப் பார்த்தான். மாமன் வேட்டியில் மணலைத் தட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

திரும்பும் வழியில் பையன் வாய் திறக்கவில்லை. ஒரு டீக்கடையில் நின்றபோது வெடித்துவிட்டான். ''நீ எந்தப் படகைத்தான் மாமா நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கே? உன்னைக் கேட்டுக்கினு இருந்தா நான் சாவற வரைக்கும் ஆள் பங்குதான்!'' பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ''இவங்க அப்பன் போனது இந்த மாதிரி ஒரு படகுலதான் சார்'' என்றார். அந்த அம்மாவிடம் பத்து வருஷமாக மீன் வாங்குகிறேன். அவர் கணவர் எப்படி இறந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 'முடிச்சுடலாமே' என்று நான் சொன்னது தொண்டையில் வந்து நின்றது.

இரண்டாவது படகு கிடைக்க மூன்று வாரம் ஆனது. நடுவில் பார்த்த நாலைந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் பக்கம் போதாது. ஏப்ரல் 6. அதே சாலையில் இன்னும் தெற்கே. பார்க்க அசிங்கமாக இருந்தது. பெயின்ட் வெளிறி, பக்கவாட்டில் நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு, அம்மை வந்து போன முகம் மாதிரி. படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு ஒட்டையும் அவரே தொட்டுக் காட்டினார். ''இது பாலத்துத் தூண்ல இடிச்சது. இது கரையேத்தறப்ப கல்லு.'' நாணயம் எல்லா இடத்திலும் 'டங்' என்றது. அடியில் மணல் காய்ந்திருந்தது. அங்கே ஒரு நாய் குழிபறித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிச்சி.

என்ஜின் குளிர்ந்திருந்தது. கிளம்பவே ஆறேழு சுற்று ஆனது. கிளம்பியதும் நீலப் புகை. நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்றது. நான் உதட்டைப் பிதுக்கினேன். பெரியவரோ, ''இது தெரிஞ்ச நோவு சார். இருபத்திரண்டாயிரத்துல மெக்கானிக் சரி பண்ணிடுவான்'' என்றார். 1,10,000 கேட்டவரிடம் புகையைக் காட்டிக் காட்டியே 95,000-க்கு இறக்கினார்கள்.

இப்போது என் முறை. பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். மீன்வளத் துறைப் பதிவு இருந்தது. நம்பர் படகில் இருப்பதோடு ஒத்துப்போனது. பெயர் ஒத்துப்போகவில்லை. ''இது உங்க பேர் இல்லையே?'' என்றேன். 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் பழைய படகு நொறுங்கிப்போய், அடுத்த வருஷம் தம்பி பெயரில் இதை எடுத்தார்களாம். தம்பி இறந்து மூன்று வருஷமாகிறது.

''அதனால என்ன? பேரை மாத்தாமலே எத்தனை பேர் ஓட்டுறாங்க'' என்றார். பையனும் தலையாட்டினான். இன்னும் எட்டே நாள்தான் இருக்கிறது. ஆனால் பதிவு அவன் பெயரில் இல்லாவிட்டால் வரி விலக்கு டீசல் அவனுக்கு வராது. புயலில் படகு போனால் நிவாரணம் செத்துப்போனவர் பெயருக்குத்தான் எழுதுவார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் நிறுத்தி அட்டை கேட்பதும் கெடுபிடியாகிவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அந்தக் காலையில் முதல்முறையாகப் பெரியவர் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

தம்பியின் மனைவி மூன்று கிலோமீட்டர் தள்ளி, அக்கா வீட்டில் இருந்தார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழ் வைத்திருந்தார். கையெழுத்துக் கேட்டதும், கூட வந்த மைத்துனரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். ''மூணு வருஷமா படகு ஓடிச்சு சார். அவர் பங்குன்னு ஒரு ரூபா என் வாசலுக்கு வரலை. இருபதாயிரம் என் கையில வெச்சா கையெழுத்து.''

பெரியவர் கோபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார் மைத்துனர். அந்த அம்மா கருவாட்டைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவேயில்லை. ஒரு மணி நேரம். கடைசியில் அவர் தன் 95,000-த்திலிருந்து பதினைந்து தருவதாக ஒப்புக்கொண்டார். மிச்சம் ஐந்தை, யாரையும் கேட்காமல், பையன் எடுத்து வைத்தான். ''எங்கம்மா மாதிரி இருக்காங்க'' என்று வெளியே வந்தபிறகு சொன்னான். ஆக, படகு ஒரு லட்சம், என்ஜின் வேலை இருபத்திரண்டாயிரம். கையில் எட்டாயிரம் மிஞ்சியது. கயிறு, நங்கூரம் வாங்கினான். பெயின்ட் அடிக்கவில்லை.

பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டு, மெக்கானிக்கிடமிருந்து என்ஜின் வந்தபோது ஏப்ரல் 27. தடைக்காலத்தில் பன்னிரண்டு நாள் போச்சே என்று பையன் புலம்பினான். மூன்றாம் நாளே நடுக்கடலில் டீசல் குழாய் விட்டுப்போய், பக்கத்துக் குப்பத்துப் படகு கட்டி இழுத்து வந்தது தனிக் கதை. அந்த இரண்டு மாதத்தில் நகை பாதி திரும்பவில்லை. ஒரு ஜதை கம்மல் மட்டும் வந்தது.

என் நாற்பதாயிரத்தில் முப்பத்திநாலு வந்துவிட்டது. மிச்சம் ஆறாயிரத்தை அந்த அம்மா மீனாகக் கழிக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை, கூடையை இறக்கும்போதே, ''நம்ம படகு மீன் சார்'' என்று மத்தியை அள்ளி வைக்கிறார். எனக்கு மத்தி பிடிக்காது என்பதை இதுவரை சொல்லவில்லை.