டெபாசிட் கட்டினால் விடிய விடிய வைக்கலாமா?

"டெபாசிட்டு அம்புட்டையும் பிடிச்சிட்டானுவ சாரே. அப்போ வாற வருசம் விடிய விடிய செட்டு வச்சுக்கிடலாம்லா?"

கொடைக் கமிட்டித் தலைவர் என் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்ததும் கேட்டது இது. கிண்டல் என்று நினைத்தேன். நிஜமாகவேதான் கேட்டார். யோசித்துப் பார்த்தால் வழக்கின் முடிச்சே அதில்தான் இருந்தது. சத்தத்துக்காக டெபாசிட்டைப் பிடிக்கலாம் என்றால், அதைக் கட்டியவன் சத்தத்துக்கு விலை கொடுத்துவிட்டான் என்றுதானே ஆகும்?

2018 சித்திரை. நாகர்கோவில் பக்கம் ஒரு பேரூராட்சி. சுடலைமாடன் கோயில் கொடை விழா. கோயிலை ஒட்டிய பேரூராட்சி மைதானத்தில் பந்தல் போட்டு வில்லுப்பாட்டும் அன்னதானமும் நடந்தன. மைதான வாடகை போக, துப்புரவுக்கென்று பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டியிருந்தார்கள். கொடை கழிந்து அதைத் திரும்பக் கேட்டபோது ஒற்றை வரியில் ஒரு கடிதம் வந்தது. ஒலிபெருக்கி பற்றிப் புகார் வந்ததாலும் மைதானம் அசுத்தமாக விடப்பட்டதாலும் தொகை பறிமுதல் செய்யப்படுகிறது. எவ்வளவு குப்பை, யார் அள்ளினார்கள், என்ன செலவு என்பதெல்லாம் அதில் இல்லை.

புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் குமரி மாவட்டத்தில் மைக் புகார் என்றாலே போலீஸ் முதலில் விசாரிப்பது, யார் எந்த மதம் என்றுதான். 1982 மண்டைக்காடு மதக் கலவரமும் அதை விசாரித்த வேணுகோபால் கமிஷனும் விட்டுப்போன பழக்கம் அது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார், அதே கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பம். "கொடை வேண்டாம்னு நான் சொல்லுவனா? வில்லடியை நானும் போயி இருந்துதான் கேட்டேன்" என்றவர், படுக்கையறை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்த் தென்னையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, நேரே கட்டிலைப் பார்த்து. கண்ணாடி அதிராமலிருக்க, சட்டத்தின் இடுக்கில் காலண்டர் தாளை நாலாக மடித்துச் செருகியிருந்தார். வில்லுப்பாட்டல்ல அவரை வதைத்தது. விடிய நாலரை மணிக்கு, கேட்க ஆளே இல்லாத பந்தலில் மைக் செட்காரர் போட்ட பக்திப் பாட்டு.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே கூடாது. 2010 திருத்தத்தில் இசைக்கருவிகளையும் இந்தத் தடைக்குள் சேர்த்துவிட்டார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால் அந்த வரம்பைவிடப் பத்து கூடுதல் அல்லது 75, இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. வாத்தியார் செல்போன் செயலியில் அளவைப் பிடித்து வைத்திருந்தார். அளவு சரிபார்க்கப்படாத கருவி என்று யாரும் அதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் நாலரை மணிக்குப் பாட்டுப் போட்டதை நிரூபிக்க மீட்டர் எதற்கு?

சாமக்கொடை சங்கதி வேறு. மாடனுக்கு நடுச்சாமத்தில்தான் கொடை, சாமியை வரவழைக்கிற வருத்துப்பாட்டு உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். மாநில அரசு நினைத்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல், இரவு 10 மணியிலிருந்து 12 மணி வரை விலக்கு அளிக்கலாம். சாமி வருகிற நேரத்தில் விலக்கு முடிந்துவிடுகிறது. டெல்லியில் விதி எழுதியவர்களுக்குச் சுடலைமாடனைத் தெரிய நியாயமில்லை.

தலைவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சத்தத்தைப் பொறுத்தவரை தப்பு உங்கள் பக்கம். அதற்கு நடவடிக்கை எடுக்க வேண்டியது ஆட்சியர், அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். (அன்றைய நிலை அது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்.) பத்தாயிரத்தோடு தீருகிற காரியமல்ல. விடிய விடிய என்ற பேச்சை அத்தோடு அவர் விட்டுவிட்டார்.

ஆனால் துப்புரவு டெபாசிட் பேரூராட்சியின் கையில் இருந்தது குப்பைக்காக. புகாரைக் காட்டி அதில் கைவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. குப்பைக்கே பிடிப்பதானாலும் கணக்கு வேண்டும். இதற்கு நான் எடுத்துக்கொண்டுபோன தீர்ப்பு மௌலா பக்ஸ் வழக்கு, 1969-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1947-இல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் தருவதாக ஒப்பந்தம் போட்டு, பத்தாயிரமும் எட்டாயிரத்து ஐந்நூறும் டெபாசிட் கட்டியவர் அவர். சரக்கு ஒழுங்காக வரவில்லை. அரசு முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டது. தவறு அவர்மேல்தான், ஆனாலும் கணக்கிடக்கூடிய நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிக்காமல் டெபாசிட்டை விழுங்க முடியாது என்றது நீதிமன்றம். முட்டைக்குச் சந்தையில் விலை இருப்பதுபோல விளக்குமாறு பிடிக்கிற கைக்கும் நாள்கூலி இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வாரத்துத் தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். கொடைக்கு மறுநாள் கூடுதலாக வந்தவர் இருவர். டிராக்டர் ஒரு நடை. முன்சீப் கோர்ட்டில் நீதிபதி பேரூராட்சி எழுத்தரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சுத்தம் பண்ண என்ன செலவாச்சு?" எழுத்தர் கோப்பைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். இரண்டு ஆள் கூலியும் டிராக்டர் வாடகையும் கழித்து மிச்சத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவானது.

எதிர்த்தரப்பு கையிலும் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. 2016 திடக்கழிவு விதிகளில், நூறு பேருக்கு மேல் கூட்டம் கூட்டுகிறவர் குப்பையைத் தரம்பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஆட்கள் வாழையிலை, கமுகம்பாளை, காகிதக் கோப்பை எல்லாவற்றையும் ஒரே குவியலாக விட்டிருந்தார்கள். ஏனோ அதை யாரும் எடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வாத்தியார் விஷயத்தைக் கோர்ட்டுக்கு வெளியே முடித்தோம். குழாய் கிடையாது, பாக்ஸ் மட்டும், அதுவும் பந்தலுக்குள்ளே பார்த்து. காலை ஆறுக்கு முன் பாட்டு இல்லை. கமிட்டி எழுதிக் கொடுத்தது.

2025 செப்டம்பரில், கட்சிக் கூட்டங்களில் பொதுச்சொத்துக்கு வரும் சேதத்துக்கு முன்கூட்டியே டெபாசிட் வாங்கினால் என்ன என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டபோது இந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. அதே மாதம் கரூரில் ஒரு கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பின்னால் வந்த அரசு வரைவு, ஐயாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரையிலான கூட்டத்துக்கு ஒரு லட்சம், ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் இருபது லட்சம் என்று போனது. வாங்கும்போது தலையை எண்ணினால் போதும். திருப்பிக் கொடுக்காமல் பிடிக்கும்போது மௌலா பக்ஸ் வந்து நிற்பார். அதனால் கொடையோ, திருவிழாவோ, மாநாடோ, மைதானம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முந்தின நாளே சுகாதார ஆய்வாளரை அழைத்து நிறுத்தி, நாலு மூலையையும் படம்பிடித்து, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.