வெள்ளை விளிம்பில் இரு தடங்கள்

எங்கள் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டி அது. பின்தொட்டியில் ஒரு சிறிய அறையைப் பொருத்தியிருக்கிறோம். கூரையை மேலே தள்ளி உயர்த்தினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். இருவர் படுக்க ஒரு மெத்தை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாலையின் குலுக்கலில் தினமும் தரையில் வந்து விழும் ஏழெட்டுப் புத்தகங்கள். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு வாங்கியது. எங்களில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வரைபடம் பார்ப்பார். பொழுதுக்குப் பொழுது முறை மாறும். இக்கட்டுரையில் எந்த இடத்தில் யார் ஓட்டினார் என்று எழுதவில்லை. மறதியால் அல்ல.

2022 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ‘ஒயிட் ரிம்’ பாதையில் சென்றோம். கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் சேரும் இடத்திற்கு வடக்கே, இரண்டுக்கும் நடுவில், ஒரு பெரும் மேட்டுத்தளம் நிற்கிறது. அதன் விளிம்பில் நின்று பார்த்தால் ஆயிரம் அடிக்கும் கீழே இன்னொரு தளம் தெரியும். அந்தக் கீழ்த்தளத்தின் ஓரம் முழுக்க வெண்மணற்கல். நிலத்திற்கு யாரோ சுண்ணாம்புக் கரை கட்டியதுபோல் இருக்கும். அதற்கும் கீழே மறுபடி பள்ளம், அதன் அடியில் ஆறுகள். அந்த வெள்ளைக் கரையை ஒட்டியே நூறு மைல் சுற்றி வருகிறது பாதை. வழியில் குடிநீர் கிடையாது, கடை கிடையாது. முன்பதிவு செய்த முகாமிடத்தில் மட்டுமே இரவு தங்கலாம். வண்டி பழுதானால் இழுத்துவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று முன்பே எச்சரிக்கிறார்கள். மூன்று இரவுகளுக்கு அனுமதி பெற்றிருந்தோம்.

இவ்வளவு அழகான இடத்தில் பாதை எப்படி வந்தது என்ற கேள்வியைப் போவதற்கு முன்பு நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வந்தது யுரேனியத்துக்காக. இரண்டாம் உலகப்போருக்குப் பின், அணுகுண்டுக்கான தாது உள்நாட்டிலேயே வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் தேடலை ஊக்குவித்தது. 1952ஆம் ஆண்டு சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாப் ஊருக்குத் தெற்கே பெரும் தாதுப்படிவம் ஒன்றைக் கண்டுபிடித்ததும் அப்பகுதிக்குள் கூட்டம் புகுந்தது. புல்டோசர்கள் மனித நடமாட்டம் அரிதான பாறைத்தளங்களில் ஏறி இறங்கின. ஒயிட் ரிம் பாதை அப்போது வெட்டப்பட்டதுதான். பிற்காலத்தில் பூங்காவான நிலப்பரப்பில் யுரேனியம் அதிகம் கிடைக்கவில்லை. தேடியவர்கள் போய்விட்டார்கள், பாதை தங்கிவிட்டது. 1964இல் பூங்கா அமைந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடிய பேட்ஸ் வில்சன், அதிகாரிகளையும் பத்திரிகைக்காரர்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இந்த நிலத்தைக் காட்டியவர். கரடுமுரடான பாதைகளில்தான் அந்த ஜீப்புகள் ஓடின. காயத்தின் வழியாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இனிக் காயம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

மேட்டுத்தளத்திலிருந்து கீழே இறங்கும் ஷேஃபர் பாதை ஒரு காலத்தில் மாடு ஓட்டிச் சென்ற தடம். யுரேனியக் காலத்தில் லாரி போகுமளவு அகலப்படுத்தினார்கள். செங்குத்துப் பாறைச்சுவரில் கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் தடுப்பு கிடையாது. ‘லோ ரேஞ்ச்’ முதல் கியரில் விட்டால் வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் இறங்கும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். தொட்டுத் தொட்டுச் சூடாக்கினால்தான் ஆபத்து. கீழே இறங்கியதும் டயர்களின் காற்றைப் பாதியாகக் குறைத்தோம். மெத்தென்று ஆன டயர் கல்லை மோதாமல் தழுவிக்கொண்டு ஏறும். ஆனால் அதன் பக்கச்சுவர் அப்போது புடைத்து வெளியே தெரியும், கூர்மையான கல்லுக்கு வாகாக.

கற்பாதையில் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது என்பது போகாதவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெரிய கல் அருகில் வந்ததும் முகப்பின் அடியில் மறைந்துவிடும். நான்கு சக்கரங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்க முடியாது. ஆகவே மற்றவர் இறங்கி முன்னால் பின்னோக்கி நடந்தபடி கையால் வழி சொல்ல வேண்டும். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினால் நில்; ஒரு விரலை மடக்கி மடக்கி அழைத்தால் அங்குலம் அங்குலமாக வா. ஓட்டுபவர் பாதையைப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பார்க்க வேண்டும். இருபத்தாறு ஆண்டு மணவாழ்வில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுபேச்சில்லாமல் கேட்ட நேரங்களைக் கூட்டினால், அந்த நான்கு நாட்களின் கணக்கு மீதி எல்லாவற்றையும் மிஞ்சிவிடும். எங்களுக்கு வேறு இடர்ப்பாடும் இருந்தது. முதுகில் ஓர் அறையைச் சுமக்கும் வண்டிக்குத் தலைப்பாரம் அதிகம். இருபது காலன் தண்ணீர் மட்டுமே 75 கிலோ. ஒரு பக்கச் சக்கரம் ஓரடி ஏறினால் மேலே அறை இரண்டடி சாயும். பின்பக்கம் வேறு சக்கரத்தைத் தாண்டி நீண்டு தொங்கியது. படியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அது தரையில் உரசும்.

இனி மண்ணைப் பற்றி. பாதையின் இருமருங்கிலும் செம்மணலின் மேல் கறுத்து, கரடுதட்டி, சிறு சிறு கோபுரங்கள் போல் எழும்பிய ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். பார்வைக்குத் தீய்ந்த மண். உண்மையில் அது உயிருள்ளது. நீலப்பச்சை நுண்ணுயிர்கள் நூல்நூலாக மணலுக்குள் ஓடி மணல்மணிகளைக் கட்டிப்போடுகின்றன. அவற்றோடு பாசியும் கல்பாசியும் சேர்ந்துகொள்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொடுப்பதும், மழை அரிக்காமல் காப்பதும், விதை ஊன்ற இடம் தருவதும் இதுவே. இது இல்லையென்றால் அந்நிலம் வெறும் மணல். ஒரு காலடி பட்டால் நொறுங்கிவிடும், மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பூங்காவில் நுழைபவர் எவருக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான். அனுமதி பெற்ற அன்று எங்களுக்கும் சொன்னார்கள். அன்று காலைகூட எதிரே வந்த இரு சைக்கிள்காரர்களில் ஒருவர் நிழற்படத்துக்காகப் பொருக்கில் கால்வைத்தபோது, எங்களில் ஒருவர் சன்னலை இறக்கி அவரைக் கண்டித்தார். கொஞ்சம் கடுமையாகவே.

இரண்டாம் நாள் இரவு நாங்கள் தங்கவேண்டிய இடம் மர்ஃபி ஹாக்பேக். ஒயிட் ரிம் பாதையின் கடினமான பகுதிகளைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்லும் ஏற்றத்தின் உச்சி அது. பகல் முழுக்க அந்த ஏற்றத்தை எண்ணிப் பயந்துகொண்டே வந்தோம். எங்களை மடக்கியது அதுவல்ல. அதற்கு முன்னால், சமதளத்தில், பெயரே இல்லாத ஒரு பாறைப்படி. முழங்கால் உயரம். எங்கள் இடப்பக்கம் உடைந்த பலகைக்கற்கள், வலப்பக்கம் முழுப்பாறை. நின்று பார்த்திருந்தால் கற்களை அடுக்கி ஒரு சாய்தளம் செய்திருப்போம். அரை மணி நேர வேலை. மணி நாலரை ஆகிவிட்டதே என்று நேராக ஏற்றினோம். முன்சக்கரங்கள் ஏறின. பின்னிடச் சக்கரம் வழுக்கிப் பலகைக்கற்களின் நடுவில் இறங்கியது. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து காற்றுப் போகும் சீறல்.

சக்கரம் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாய்ந்து நிற்கும் வண்டிக்கு ஜாக்கி வைப்பதற்குள், அடியில் பலகை கொடுத்து, கற்களால் மறுபக்கம் அணை கொடுத்து, இரண்டுமுறை நழுவி, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்து, பின்பு பேச்சே இல்லாமலாகி, ஒருவழியாக முடித்து வண்டியைப் படிக்குக் கீழே இறக்கினோம். இருந்த ஒரே ஸ்டெப்னி இப்போது சக்கரத்தில். ஆறே முக்காலுக்குச் சூரியன் மறையும். படி அங்கேயே இருந்தது.

அதன் வலப்பக்கமாக, பாறை முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, மண் தட்டையாகக் கிடந்தது. பொருக்கு மூடிய மண். அதில் முன்பே யாரோ போன தடம் ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. இருந்ததா? அந்த வெளிச்சத்தில் இருந்தது. ஒருவர் அதைக் கண்ணால் பார்த்தார். மற்றவர் பார்த்தவரைப் பார்த்தார். யாரும் “போகலாம்” என்று சொல்லவில்லை. ஒருவர் இறங்கி முன்னால் நடந்து, விரலை மடக்கி மடக்கி அழைத்தார். மற்றவர் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். வறுத்த அப்பளத்தின் மேல் நடப்பது போன்ற ஓசை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹாக்பேக் ஏற்றம் எளிதாகவே இருந்தது. பயந்ததற்கு வெட்கப்படும் அளவு எளிது. உச்சியில் கூரையை உயர்த்தி, சோறு வடித்து, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். விண்மீன்களைப் பற்றி எழுதலாம். எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாப்பிடும்போது ஒருவர், “நீதானே கை காட்டினாய்” என்றார். மற்றவர், “நீதானே ஓட்டினாய்” என்றார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து அதைக் குறித்துப் பேசும்போது இருவரும் ‘நாம்’ என்றே சொல்லி வருகிறோம். இது பெருந்தன்மையா, தப்பித்தலா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

மறுநாள் கிரீன் ஆற்றை நெருங்கும்போது எதிரே காவலர் ஒருவர் ரோந்து வண்டியில் வந்தார். இளம் பெண். அனுமதிச் சீட்டைப் பார்த்தார். கிழிந்த டயரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஸ்டெப்னி இல்லாததால் ஹார்ட்ஸ்கிராபிள் குன்றில் எந்தப் பக்கமாக ஏறுவது நல்லது என்று பொறுமையாக விளக்கினார். கிளம்பும்முன், பாதைக்கு வெளியே எங்காவது புதுத் தடம் கண்டால் சொல்லுங்கள், பார்த்துப் பழகி மற்றவர்களும் அதிலேயே போவார்கள், உடனே கல் வைத்து அடைத்துவிடுவோம் என்றார். எப்போதும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். கவனிக்கிறோம் என்றோம்.

மீதிப் பயணத்தில் சொல்ல ஏதுமில்லை. டயர் தாங்கியது. மினரல் பாட்டம் வளைவுகளில் ஏறி மேல்தளத்தை அடைந்து, மோவாப்பில் புது டயர் போட்டு வீடு திரும்பினோம். நண்பர்களிடம் கிழிந்த டயரின் கதையைப் பலமுறை சொன்னோம். ஸ்டெப்னி மாற்றியதோடு அக்கதை முடிந்துவிடும்.

2024 ஏப்ரலில் மீண்டும் போனோம், இம்முறை கால்நடையாக. மேல்தளத்திலிருந்து மர்ஃபி பாதை என்ற ஒற்றையடித் தடம் பாறைச்சுவரில் இறங்கி ஹாக்பேக்கிற்கு வருகிறது. அங்கிருந்து சாலையிலேயே நடந்து அந்தப் படியைத் தேடிப் போனோம். அடையாளம் காண்பதில் சிரமமில்லை. சுற்றுவழியின் இரு வாய்களிலும் கற்களை வரிசையாக வைத்து, பட்டுப்போன ஜூனிப்பர் கிளைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளைகளுக்கு அப்பால் தடங்கள் தெளிவாக இருந்தன. கறுத்த பொருக்கின் நடுவே இரண்டு செந்நிறக் கோடுகள், இரண்டு மழைக்காலம் கழிந்தும் மணல் கட்டாமல். எங்கள் தடத்தின் மேலேயே அகலமான இன்னொரு டயரும் போயிருந்தது. அதன் இருபுறமும், அந்த மாலை எங்களுக்குத் தெரிந்த பழைய தடம் ஏதாவது இருக்கிறதா என்று சாலையில் நின்றபடியே தேடினோம். சாலை ஓரமாக அடிவைத்து நீளத்தை அளந்தோம். முப்பத்தெட்டுத் தப்படி.

தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு ஜீப் வந்தது. படியைக் கண்டதும் நின்றது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் இருந்த பெண் இறங்கிவந்து படியை ஒருமுறை, கிளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இதைத் தவிர வேறு வழி உண்டா என்று எங்களிடம் கேட்டார்.

இல்லை என்றோம். பிறகு நால்வரும் சேர்ந்து கற்களை அடுக்கினோம்.